ஏழாம் நாளில் நின்ற பிள்ளை

ஆறு மாதம் வெயில் எட்டிப் பாராத ஒரு நாட்டிலிருந்து புறப்பட்டு, மூன்று கடல் தாண்டி, துறைமுகத்தில் ஏதோ ஒரு கடிதத்துக்காக எட்டு மாதம் காத்துக் கிடந்து, பிறகு லொறியில் ஏறி, சண்டை முடிந்து இரண்டு வருடமாகியும் தார் காணாத தெருவால் குலுங்கிக் குலுங்கி, கண்டல்முனை ஆஸ்பத்திரிக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி வந்து சேர்ந்தபோது, அதை இறக்கப் போன எட்டுப் பேரில் குலேந்திரனும் ஒருவன். குறைமாதத்தில் பிறக்கிற பிள்ளைகளைத் தாயின் வயிற்றுக்குள் இருப்பது போலச் சூடாக வைத்திருக்கிற மெசின் அது என்று தலைமைத் தாதி ஜெசிந்தா மிஸ் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினார். கை நுழைக்கப் பக்கத்தில் இரண்டு வட்ட ஓட்டைகளும், நெற்றியில் ஒரு சின்னத் திரையும், கீழே ‘இந்நாட்டு மக்களுக்கு அன்புடன்’ என்று மூன்று மொழியில் எழுதிய ஒட்டுத்தாளும் அதற்கு இருந்தன. குலேந்திரன் வள்ள எஞ்சின் திருத்துகிறவன். கண்டல்முனைக் கடலில் ஓடிய எண்பது எஞ்சின்களும் ஒருதரமாவது அவன் கையில் பிரிந்து பூட்டுப்பட்டவை. அவன் பெட்டியைச் சுற்றி வந்து, அதன் ஆணித் தலைகளில் ஐந்து மூலை நட்சத்திரக் குழி இருப்பதைப் பார்த்து, “இதைக் கழட்டுற சாவி இஞ்ச ஒருத்தரிட்டயும் இல்லை” என்று மட்டும் சொன்னான்.

மூன்று கிழமை கழித்து அவனுடைய மனைவி சுகிர்தாவுக்கு ஏழரை மாதத்தில் நோவெடுத்தது. காலையில் ஒரு பெண் பிள்ளை பிறந்தது, ஆயிரத்து முந்நூற்றுப் பத்துக் கிராம். ஒன்பது நிமிடம் கழித்து இன்னொரு பெண் பிள்ளை, ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. இளையவளைத் துணியில் சுற்றித் தாயின் நெஞ்சில் போட்டார்கள், மூத்தவளைப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெட்டிக்கு அவள்தான் முதற்பிள்ளை என்பதால், அதைக் கொண்டுவந்து கொடுத்த தொண்டு நிறுவனத்திலிருந்து ஹென்றிக் என்ற நெடிய வெள்ளைக்காரர் வந்து, குலேந்திரனிடம் கேட்டுவிட்டுப் படம் எடுத்தார். எடுத்து முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்குப் பெட்டியின் திரையில் சிவப்பு வெளிச்சம் வந்தது. ஜெசிந்தா மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதிலிருந்த ஆங்கிலத்தை வாசித்தார். இந்த மெசின் ஓடவேண்டிய மணித்தியாலங்கள் முடிந்துவிட்டன, தொடர்ந்து ஓட மெசின் செய்த நிறுவனம் தருகிற பதினாறு இலக்க எண்ணைப் பதியவும் என்று அது கேட்டது. வந்த பிறகு ஏழு நாள்தான் ஓடியிருந்தது என்றாலும், வருவதற்கு முன் தன்னுடைய நாட்டில் அது பல வருடம் ஓடியிருந்ததும், ஓடாமல் மிச்சமிருந்த ஏழு நாள்தான் கடல் தாண்டி வந்ததும் பிறகு தெரியவந்தன. எண் ஒருவரிடமும் இல்லை. ஆனாலும் பெட்டிக்குள் சூடு குறையவில்லை, விளக்கு அணையவில்லை, பிள்ளை அழுதது, குடித்தது, நித்திரை கொண்டது. நாள் மட்டும் ஓடவில்லை.

அடுத்த நாள் பெட்டிக்குள்ளேயே தராசு வைத்து நிறுத்தபோது பிள்ளை ஆயிரத்து முந்நூற்றுப் பத்துக் கிராம் இருந்தது. அதற்கடுத்த நாளும் அதே முந்நூற்றுப் பத்து. ஜெசிந்தா மிஸ் தராசை மாற்றிப் பார்த்தார். இளையவளின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்தது, மூத்தவளுடையது விழவில்லை. இருபதாம் நாள் அவர் குலேந்திரனைக் கூப்பிட்டு, “தம்பி, பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா நேற்றைய பிள்ளையாவே இருக்கு” என்றார். வெளியே எடுத்துப் பார்த்தார்கள். எடுத்த மாத்திரத்தில் மூச்சு நின்று, உடம்பு சிலேட்டு நிறமாகி, கால் தொங்கியது; திரும்ப உள்ளே வைத்ததும் ஒன்றும் நடவாததுபோல் கொட்டாவி விட்டாள். மூன்றுதரம் எடுத்து மூன்றுதரமும் அப்படியே நடந்தபிறகு டொக்டர், “இது புத்தகத்தில இல்லை” என்று சொல்லி, பெட்டியில் தொங்கிய அட்டையில் ‘ஏழாம் நாள்’ என்று எழுதினார். அடுத்த நாளும் அதையே எழுதினார், அவருக்குப் பின் வந்த டொக்டரும், அவருக்கும் பின் வந்தவரும் அதையே எழுதினார்கள்.

ஊர் இதற்குப் பழகியது. பழகுவதில் முதல் வந்த சிக்கல் துடக்கு. பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, அது கழியும்வரை சொந்தக்காரர் கோயிலுக்குப் போவதில்லை, நல்ல காரியம் வைப்பதில்லை, முப்பத்தோராம் நாள்தான் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். குலேந்திரனின் சொந்தத்தில் பதினேழு வீடு. பிள்ளைக்கு ஏழாம் நாளே தாண்டாவிட்டால் பதினேழு வீட்டுக்கும் துடக்குக் கழிவது எப்போது என்று பேச்சு வந்தது. அவனுடைய சித்தப்பா மகளின் கலியாணம் இரண்டுதரம் தள்ளிப்போனது. கடைசியில் பிள்ளையார் கோயில் ஐயர் தானே ஆஸ்பத்திரிக்கு வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, “பெட்டிக்கு வெளியில முப்பத்தொண்டு முடிஞ்சுது. உள்ள முடியேல்ல. துடக்கு உள்ளயே இருக்கட்டும்” என்றார். அதன்படி கலியாணம் நடந்தது, வீடுகளில் விளக்கேறியது, பெட்டிக்குள் கை நுழைத்தவர்கள் மட்டும் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனார்கள், அதற்கென்று ஆஸ்பத்திரி வாசலில் ஒரு குழாய் போட்டார்கள். இளையவளுக்கு ஆரணி என்று பெயர் வைத்தார்கள். மூத்தவளுக்கு வைக்க முடியவில்லை. எல்லோரும் அவளை மூத்தவள் என்றே கூப்பிட்டார்கள்.

சுகிர்தா வீட்டுக்குப் போகவில்லை. அவளுக்குப் பாலும் வற்றவில்லை. ஆஸ்பத்திரி வாட்டின் மூலையில் குந்தியிருக்க ஒரு கதிரை அவளுடையதானது. விடியக் குளித்துவிட்டு வந்து, வட்ட ஓட்டைகளுக்குள் இரண்டு கையையும் விட்டு, பொழுதுபடும்வரை பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருப்பாள். ஆரணி அந்தக் கதிரையைப் பிடித்துத்தான் எழும்பி நின்றாள், பெட்டியின் கால்களைச் சுற்றித்தான் நடை பழகினாள். கண்டல்முனையில் கரண்ட் அடிக்கடி குறையும், போகும். குறைந்தால் ஆஸ்பத்திரிக்கு முதல் கிடைக்க வேண்டும் என்று அரிசி ஆலைக்காரர் ஆலையை நிறுத்துவார், முழுக்கப் போனால் ஓட ஐஸ் தொழிற்சாலைக்காரர் தன் ஜெனரேற்றரைத் தந்தார், அதைக் குலேந்திரன் ஆஸ்பத்திரிப் பின்சுவரோடு பூட்டி, எரிபொருளும் எண்ணெயும் பார்த்து, ஒரு நிமிடமும் பெட்டி நிற்காதபடி வைத்திருந்தான். கையால் திருத்தக்கூடியது எல்லாவற்றையும் அவன் திருத்தினான்.

எண்ணுக்காக ஹென்றிக் எழுதினார். மெசின் செய்த நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கிவிட்டது என்று பதில் வந்தது. வாங்கிய நிறுவனத்துக்கு எழுதினார். இந்த வகை மெசினுக்கு இப்போது எண் கொடுப்பதில்லை, புதிய வகை வாங்கவும் என்று பதில் வந்தது. பழையதற்கே ஒரு எண் தந்தால் போதும் என்று எழுதினார். உங்கள் நாட்டுக்கு எண் அனுப்புவதற்கு எங்கள் நாட்டு அரசின் உரிமம் வேண்டும், விண்ணப்பித்தால் மூன்று வருடத்தில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. விண்ணப்பித்தார். ஒவ்வொரு பதிலையும் ஹென்றிக் தானே கொண்டுவந்து, கதிரைக்குப் பக்கத்தில் குந்தி, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் சுகிர்தாவுக்குச் சொல்வார். சொல்லி முடிந்ததும் அவள் அவருக்குத் தேத்தண்ணி வார்த்துக் கொடுப்பாள்.

அந்த மூன்று வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதுதான் குலேந்திரன் பெட்டியைக் கழற்றினான். கேட்கிறவர்களுக்கு அவன், “பொறுக்க ஏலாமல் போச்சு” என்றுதான் பிறகும் சொன்னான். மோட்டார் சைக்கிள் கம்பி ஒன்றை எடுத்து, நுனியை அராவி, பதினொரு நாள் அராவி, ஐந்து மூலை நட்சத்திரமாக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுகிர்தா குளிக்கப் போன நேரம், ஜெசிந்தா மிஸ் பார்த்தும் பாராமல் நிற்க, அடித்தட்டின் நாலு ஆணியையும் கழற்றினான். உள்ளே இருந்தது அவனுக்கு விளங்கியது. சூடாக்குகிற கம்பி, காற்று விடுகிற விசிறி, எல்லாம் நல்லாக இருந்தன. ஓரத்தில் பெருவிரல் நகமளவு ஒரு கறுப்புச் சில்லுதான் மற்ற எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது, அதன் முதுகிலிருந்த எழுத்துகள் வேண்டுமென்றே சுரண்டி அழிக்கப்பட்டிருந்தன. அவன் அதைத் தொட்டான். மேலே பிள்ளையின் மூச்சு விக்கியது. ஜெசிந்தா மிஸ், “மூடு தம்பி, மூடு” என்றார். மூடினான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மெசின் தன்னைத் திறந்ததை எங்கேயோ எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த கடிதத்தோடு அனுப்ப அதிலிருந்து எடுத்த விபரங்களோடு அதையும் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத ஒருவர் திறந்ததால் இந்த விண்ணப்பம் செல்லாது, புதிதாக விண்ணப்பிக்கவும் என்று வந்தது.

ஹென்றிக் அதை வாசித்தபோது சுகிர்தா குலேந்திரனைப் பார்த்தாள்.

“நான் திருத்தலாம் எண்டு நினைச்சன்” என்றான்.

“இது உங்கட எஞ்சின் இல்லை” என்றாள். கையைத் திரும்பப் பெட்டிக்குள் விட்டபடி, “இனி இதுக்குள்ள நீங்கள் கை வைக்க வேண்டாம்” என்றாள்.

அவள் கத்திச் சொல்லவில்லை. அதனால் அவன் அதை மீறவில்லை. அதற்குப் பிறகு எட்டு வருடம் குலேந்திரன் தன் மூத்த பிள்ளையைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தான். வருவான், எண்ணெய் மணக்கிற கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நிற்பான், போய் ஜெனரேற்றரைத் துடைப்பான்.

ஆஸ்பத்திரியில் பெட்டி ஒன்றுதான். ஊரில் குறைமாதப் பிள்ளைகள் பிறக்காமல் இருக்கவில்லை. பிறந்தவர்களை அம்புலன்ஸில் ஏற்றி எண்பது கிலோமீற்றர் தள்ளியிருக்கிற பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சிலர் போய்ச் சேர்ந்தார்கள், சிலர் சேரவில்லை. இன்னொரு பெட்டி கேட்டு எழுதியபோது, கண்டல்முனைக்கு ஏற்கெனவே ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது, அது ஓடிக்கொண்டும் இருக்கிறது என்று பதில் வந்தது. அது உண்மையாகவும் இருந்தது. அந்தத் தொண்டு நிறுவனத்தின் வருட அறிக்கையில் கண்டல்முனையில் இந்த வருடம் ஒரு பிள்ளை காப்பாற்றப்பட்டது என்று ஒவ்வொரு வருடமும் வந்தது. ஏழு நாட்பிள்ளை என்று அட்டையில் இருந்ததால் ஒவ்வொரு வருடமும் அவளைப் புதுப்பிள்ளையாகவே எண்ணினார்கள்.

ஐந்தாம் வருடம் பத்மலோஜினி என்ற பெண், பிள்ளையை அம்புலன்ஸில் இழந்த எட்டாம் நாள், நேரே வாட்டுக்கு வந்து சுகிர்தாவின் கதிரைக்கு முன்னால் நின்றாள்.

“உங்கட பிள்ளை வளரேல்ல அக்கா” என்றாள். “என்ர பிள்ளை வளர்ந்திருக்கும்.”

சுகிர்தா கையை வெளியே எடுக்கவில்லை. “ஓம்” என்றாள். “வளர்ந்திருக்கும்.”

பத்மலோஜினிக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாகியிருந்தது. சுகிர்தாதான் எழும்பி, அவளைத் தன் கதிரையில் இருத்தி, ஈரத்துணி ஒத்தடம் கொடுத்து, பாலைப் பீய்ச்சிவிட்டாள். பத்மலோஜினி அன்று பின்னேரம்வரை அந்தக் கதிரையிலேயே இருந்தாள்.

இதைக் கேள்விப்பட்ட குலேந்திரன் மீன் வைக்கிற, வெள்ளை நுரையாலான றெஜிபோம் பெட்டி ஒன்றை எடுத்து, குளிரை உள்ளே வைத்திருப்பது சூட்டையும் வைத்திருக்கும்தானே என்று, நாலு பல்ப்பும் ஒரு விசிறியும் பூட்டி, சூடு கூடினால் தானாக அணைக்கிற சுவிச்சும் வைத்து, மூடிக்குப் பதில் கண்ணாடி போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். ஜெசிந்தா மிஸ் அதற்குள் வெப்பமானியை வைத்து மூன்று நாள் பார்த்தார், கோடு அசையவில்லை. ஆனால் மேலிடத்திலிருந்து பார்க்க வந்தவர், தரச்சான்று இல்லாத ஒன்றில் பிள்ளையை வைத்தால் வேலை போகும் என்றார். அவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லும்போது நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னார். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதில் அடை வைத்த நாற்பத்திரண்டு கோழி முட்டையில் நாற்பது பொரித்தது. கண்டல்முனையில் இன்றைக்கு ஓடித் திரிகிற சிவப்புக் கோழிகள் அவற்றின் வழி வந்தவை.

ஆரணி பள்ளிக்கூடம் போனாள், பல் விழுந்து முளைத்தது, சயிக்கிள் ஓடப் பழகினாள். பள்ளிக்கூடத்தில் உனக்கு அக்காவா தங்கச்சியா என்று கேட்டால் அக்கா என்பாள். பின்னேரங்களில் வந்து, படித்த பாடத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து உரக்க வாசிப்பாள். வயிற்றுப் பிள்ளைக்காரர்கள் நேர்ந்துகொண்டு வந்து கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். ஹென்றிக் வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போனார், பிறகு ஓய்வு பெற்றார், பெற்றும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எண்ணுக்காக மெசின் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார் என்று பின்னர் அறிந்தோம்.

பதினோராம் வருடம் பங்குனியில் ஹென்றிக் ஒரு வாடகை வானில் தனியே வந்து இறங்கினார். மயிர் முழுக்க வெளுத்திருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். அதில் பதினாறு இலக்கம் இருந்தது.

“நாற்பது நாள்” என்றார். “தற்காலிக எண். ஒருதரம்தான் தருவினம். நிரந்தர எண்ணுக்கு விண்ணப்பம் குடுத்திருக்கு.”

“நாற்பது நாள் ஓடுமோ?” என்று சுகிர்தா கேட்டாள்.

“ஓடும்.”

ஜெசிந்தா மிஸ் எண்ணைப் பதிந்தார். சிவப்பு வெளிச்சம் போய்ப் பச்சை வந்தது. பதினொரு வருடத்துக்குப் பிறகு மூத்தவளுக்கு எட்டாம் நாள் தொடங்கியது.

அடுத்த நாள் அவள் பன்னிரண்டு கிராம் கூடியிருந்தாள். மூன்றாம் நாள் தொப்புள்கொடி விழுந்தது. சுகிர்தா அதைத் துணியில் முடிந்து, யாருக்கும் காட்டாமல், மார்புக்குள் வைத்துக்கொண்டாள். சந்தியிலிருந்த தேத்தண்ணிக் கடையில் ஒரு பலகை தொங்கவிட்டு, கடலுக்குப் போகிறவர்கள் வாசித்துவிட்டுப் போகும்படி ஒவ்வொரு காலையும் பிள்ளையின் நிறையைச் சோக்கால் எழுதினார்கள்: ஆயிரத்து நானூறு, ஆயிரத்து நானூற்றுப் பதினெட்டு, ஆயிரத்து நானூற்று முப்பத்தொன்று. நாலு மாதத்துக்கு முன் வந்திருந்த இளம் டொக்டர் மயூரன், இரண்டு கிலோ வந்தால் வெளியே எடுக்கலாம், தானாக மூச்சு விடுவாள் என்றார். பெரியாஸ்பத்திரிக்கு மாற்றலாமா என்று கேட்டுப் பார்த்தார். அங்கிருந்த நாலு பெட்டியிலும் பிள்ளைகள், இடம் வந்தால் அறிவிக்கிறோம் என்றார்கள். இடம் வரவில்லை. எண் ஓடத் தொடங்கிய இருபத்துநாலாம் நாள் மூத்தவளுக்கு முப்பத்தொன்று. பதினேழு வீட்டாரும் ஆஸ்பத்திரி முற்றத்தில் நிற்க, ஐயர் கையைக் கழுவி, வட்ட ஓட்டையில் வாயை வைத்து, சுகிர்தா பதினொரு வருடமாக மனதில் வைத்திருந்த பெயரை மூன்றுதரம் சொன்னார். ஆதிரை. பெட்டிக்குள் இருந்த துடக்கும் அன்றோடு கழிந்தது.

நாற்பதாம் நாள் காலை ஆதிரை ஆயிரத்துத் தொளாயிரத்து இருபது கிராம். எண்பது கிராம் குறைவு. நிரந்தர எண்ணுக்கான விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று முதல் நாள்தான் பதில் வந்திருந்தது. பத்து மணிக்கு எண் முடிகிறது.

ஒன்பதரைக்கு வாட்டுக்குள் ஆறு பேர் நின்றார்கள்: சுகிர்தா, குலேந்திரன், ஆரணி, ஜெசிந்தா மிஸ், மயூரன் டொக்டர், ஹென்றிக்.

“எடுப்பம் டொக்டர்” என்றாள் சுகிர்தா. “நெஞ்சில போட்டு வைச்சிருக்கிறன். இளையவளை அப்பிடித்தான் வளர்த்தனான்.”

“எண்பது கிராம் குறையுது அம்மா. வெளியில எடுத்து ஏதும் நடந்தா, என்ர கையெழுத்தில நடந்ததா இருக்கும். பெரிய டொக்டர் ஒரு சொல் சொன்னாப் போதும்.” மயூரன் டொக்டர் ஏழு மணியிலிருந்து கைபேசியைக் காதில் வைத்திருந்தார். பெரிய டொக்டர் குறைமாதப் பிள்ளைகள் பற்றிய ஒரு மாநாட்டுக்கு வெளிநாடு போயிருந்தார். அங்கே அப்போது விடியவில்லை.

சுகிர்தா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு வருடத்தில் அவள் அவனை அப்படிப் பார்க்கவில்லை. “இஞ்சேருங்கோ” என்றாள். “நீங்கள் எடுங்கோ.”

குலேந்திரன் கையைக் கழுவித்தான் வந்திருந்தான். நகக்கண்ணிலிருந்த எண்ணெய்க் கறுப்பையும் ஊசியால் எடுத்திருந்தான். அவன் பெட்டியின் மூடியில் கை வைத்தான். வைத்த கைக்குக் கீழே அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் மூச்சு விக்கியதும், செல்லாது என்று வந்த கடிதமும், அதனால் போன வருடங்களும் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவன் டொக்டரைப் பார்த்தான்.

“ஐஞ்சு நிமிசம்” என்றார் டொக்டர். “போன் அடிக்குது. பெரிய டொக்டர் எடுத்திடுவார்.”

அந்த ஐந்து நிமிடத்துக்குள்தான் ஆதிரை சிரித்தாள். நித்திரையில் வாய் கோணுகிற சிரிப்பு இல்லை. கண்ணைத் திறந்து, முன்னால் நின்ற ஆரணியின் முகத்தைத் தேடிப் பிடித்து, மேல் ஈறும் கீழ் ஈறும் தெரியச் சிரித்தாள். குறைமாதப் பிள்ளை நாற்பத்தேழு நாளில் இவ்வளவு வெள்ளெனச் சிரிக்காதே என்று ஜெசிந்தா மிஸ் சொன்னார். எல்லோரும் குனிந்தார்கள். சுகிர்தா ஆரணியின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், டொக்டர் கைபேசியைக் காதிலிருந்து இறக்கினார், குலேந்திரன் கையை மூடியில் வைத்தபடியே கண்ணாடியில் நெற்றியை முட்டினான். எவ்வளவு நேரம் அப்படி நின்றார்களோ தெரியாது. பெட்டியின் வெளிச்சம் பச்சையிலிருந்து சிவப்பாகி அவர்கள் முகத்தில் விழுந்தபோதுதான் நிமிர்ந்தார்கள்.

குலேந்திரன் மூடியைத் திறந்து பிள்ளையைத் தூக்கினான். அவன் கையில் அவள் சிலேட்டு நிறமானாள். “வையுங்கோ” என்றாள் சுகிர்தா. வைத்தான். மூச்சு வந்தது.

பெரிய டொக்டர் பின்னேரம்தான் அழைத்தார். பத்துக்கு முன்னமே பிள்ளையை வெளியே எடுத்திருக்கலாமே, பயமில்லையே, ஏன் காத்திருந்தீர்கள் என்று கேட்டார். மயூரன் டொக்டர் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, போய் ஆஸ்பத்திரி வாசற்படியில், குளிக்கிற குழாய்க்குப் பக்கத்தில் நெடுநேரம் இருந்தார். ஹென்றிக் தன் நாட்டுக்குத் திரும்பிப் போனார். திங்கட்கிழமைக் கடிதங்கள் தொடர்ந்தன. அதே மெசினுக்கு இரண்டாம்தரம் தற்காலிக எண் கொடுக்கும் வழக்கம் இல்லை என்று ஒரு பதில் வந்தது. நிரந்தர எண்ணுக்கு இன்னும் பதில் இல்லை.

அட்டையில் இப்போது ‘நாற்பத்தேழாம் நாள்’ என்று எழுதினார்கள். ஊர் இதற்கும் பழகியது. தேத்தண்ணிக் கடைப் பலகையில் ஆயிரத்துத் தொளாயிரத்து இருபது கொஞ்ச நாள் இருந்து மழையில் கரைந்தது. ஆதிரை ஒவ்வொரு காலையும் பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னர் கண்ணைத் திறந்து, முன்னால் நிற்கிற முகத்தைத் தேடிப் பிடித்து, வாழ்க்கையில் முதற்தடவையாகச் சிரித்தாள். அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் படம் எடுத்தார்கள், அறிக்கையின் முன்பக்கத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. “முந்தி அழுகை மட்டும்தானே, இப்ப சிரிக்கிறாளே, அதுவே பெரிசு” என்று ஊரில் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நாள் போக, பார்க்க வருகிறவர்கள் குறைந்தார்கள்.

சுகிர்தா மட்டும் அந்த நேரத்தில் அங்கே நிற்பதில்லை. ஒன்பதரை ஆனதும் கையை வெளியே எடுத்து, கதிரையை விட்டு எழும்பி, விறாந்தையின் மறுகோடிக்குப் போய், சிரிப்பு முடிந்த பிறகு வருவாள். கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லவில்லை. அவள் இல்லாத அந்த அரை மணித்தியாலம் குலேந்திரனுடையதானது. ஜெனரேற்றரைத் துடைத்துவிட்டு, சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு வந்து, கண்ணாடிக்கு முன்னால் நிற்பான்.

அடுத்த மாரியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆண்கள் வாட்டில், இரண்டு சுவர் தள்ளி, கையில் சேலைன் ஏறப் படுத்திருந்தான். அடுத்த நாள் காலை சுகிர்தா கஞ்சி கொண்டுபோனபோது, அவன் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு எழும்பப் பார்த்தான்.

“எங்க வெளிக்கிடுறியள்?”

“பத்தாகப் போகுது.”

“ஒரு நாளைக்குப் போகாட்டி என்ன. நேற்றையச் சிரிப்புத்தானே.”

“உமக்கு நேற்றையது” என்றான். உதடு காய்ந்திருந்தது. “அவளுக்கு இண்டைக்குத்தான் முதல். திருப்பிச் சிரிக்க ஒருத்தரும் நிக்காட்டி, ஆரையெண்டு தெரியாமல் தேடிப்போட்டுக் கண்ணை மூடிப்போடுவாள். ஒரு நாள் நான் பிந்திப் போய்ட்டன், கண்டனான்.”

சுகிர்தா கஞ்சிக் கோப்பையை அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். சேலைக் கரையால் கையைத் துடைத்தாள். பிறகு, நடந்தால் பிந்திவிடும் என்பதுபோல, விறாந்தையால் ஓடினாள்.